அக்கா ஏறினால் நிற்கும் கார்

என் சித்தப்பாவுக்கு ஒரு மகள், ஒரு மகன். சித்தி கண்ணை மூடியபோது மகளுக்குப் பன்னிரண்டு வயது, மகனுக்கு நாலு. தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அந்த அக்காதான். அவன் வளர்ந்து கார் மெக்கானிக் ஆனான். இன்ஜின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவான் என்பதால் காதுக்காரன் என்று பெயர். முப்பது வருஷத் தொழில்காரனுக்கும் ஒரு வண்டி தண்ணி காட்டியது. அதுவும் அக்கா வீட்டு வண்டி.

அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் அவள் மகன் ஆஸ்பத்திரிக்குக் காரில் கூட்டிப்போய், ரத்தத்தைச் சுத்தம் செய்யவைத்துக் கூட்டிவர வேண்டும். தவறினால் கால் வீங்கும், மூச்சு வாங்கும். அந்தக் கார் ஓடும்போதே திடீரென்று இழுவை விட்டுப்போனது. ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் சவமாக உருளும். கொஞ்ச நேரத்தில் தானே உயிர் வரும்.

காதுக்காரன் ஃபில்டர் மாற்றினான், பிளக் மாற்றினான். கம்ப்யூட்டரை மாட்டினால் அது ஒரு குறையும் சொல்லவில்லை. தனியாக மேம்பாலத்தில் ஏற்றி இறக்கினான். குதிரையாக ஓடியது. கொடுத்தனுப்பினான். மறுநாளே பாலத்தின் நடுவில், பின்னால் லாரி அலற, படுத்துக்கொண்டது. இப்படி மூன்று முறை. அதோடு அக்கா கட்டிலை விட்டு எழவில்லை.

"நான் வரல. நான் ஏறினாத்தான் அது நிக்குது."

"என்னக்கா பேசறே? இரும்புக்கு ஆள் தெரியுமா?"

"லாரிக்காரன் ஆரன் அடிச்சப்ப என் பிள்ளை மூஞ்சிய நீ பாத்தியாடா? போறதுன்னா நான் தனியாப் போய்ச் சேர்றேன். அவனையும் கூட்டிக்கிட்டுப் போகணுமா?"

வாடகை வண்டியிலும் ஏறமாட்டேன் என்றுவிட்டாள். இரண்டு தடவை சிகிச்சை தவறியது. கால் தலையணையாக வீங்கியது.

அவள் சொன்னது காதுக்காரனை விடாமல் அரித்தது. அக்கா மகனிடம் கேட்டான்.

"உங்கம்மா எங்க உக்காருவாங்க?"

"என் சீட்டுக்குப் பின்னால, மாமா. ஏன், கனம் தாங்கலையா?"

"வாய மூடிக்கிட்டு வண்டிய எடு. நான் அங்க உக்காரறேன்."

சோதித்துப் பார்க்க அவன் எந்த வண்டியின் பின்சீட்டிலும் ஏறியவன் இல்லை. எப்போதும் தனியாக, ஓட்டுகிற சீட்டில்தான். இரண்டாவது வேகத்தடையில் தூக்கிப்போட்டது.

"மாமா, போச்சு!"

ஓரம்கட்டிப் பின்சீட்டைக் கழற்றினான். அடியில் பெட்ரோல் பம்பு. அதற்குப் போகும் வயர் சீட்டுக் கம்பிக்குக் கீழே நசுங்கி, பாதி இழை அறுந்து கிடந்தது. மேலே ஆள் உட்கார்ந்து வண்டி குலுங்கினால் கரண்டு விட்டுப்போகும். போன மாதம் அந்தப் பம்பை மாற்றியவன் காதுக்காரனேதான். வயரைக் கிளிப்பில் மாட்டாமல் சீட்டை வைத்து அமுக்கியிருக்கிறான்.

வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. புது வயர் போட்டதும் நேரே அக்கா கட்டிலுக்கு வந்தான்.

"அக்கா, உன் ராசியும் இல்ல, கனமும் இல்ல. என் கை பண்ணின தப்பு."

அவள் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள்.

"என்னை நானே எவ்வளவு திட்டிக்கிட்டேன்டா, பாவி. செருப்பு கால்ல ஏறாது, கையில எடுத்துக்க. நீயே ஓட்டு."

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள்மீதுதான் பாய்ந்தார். "ரெண்டு தடவை ஏம்மா வரல? விளையாட்டா போச்சா?"

அக்கா பதில் தேடும் முன்பே, "அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க சார். நான் கெடுத்தது" என்றான் காதுக்காரன்.

ஒன்பது நாள் படுக்கவைத்துத்தான் அனுப்பினார்கள். மூச்சு சீரானது. கால் வீக்கம் இன்னும் முழுசாக வடியவில்லை.