பின்சக்கரம் எழும்பின சனிக்கிழமை

எனக்கு வாய் நீளம்னு கிள்ளான்ல எங்க சொந்தக்காரங்க எல்லாரும் சொல்வாங்க. சொல்லிட்டுப் போகட்டும். போர்ட் கிள்ளான் துறைமுகக் கிடங்குல பதினெட்டு வருஷமா பாரம் தூக்குற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுறேன். அத்தனை ஆம்பளைங்க நடுவுல வாயில்லாப் பூச்சியா இருந்தா பொழைக்க முடியுமா?

எங்க வீட்டுக்காரருக்கு மாடுதான் உசுரு. பதினாலு மாடு. சாணி அள்ளி அள்ளியே முதுகு போயிருச்சு. உக்காந்து செய்யுற வேலை பரவாயில்ல, இனி மண்வெட்டியத் தொடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. மறுநாளே இவரு மாட்டு வியாபாரிக்கு ஃபோன் போட்டாரு. வர்ற ஞாயித்துக்கிழமை வந்து பாக்குறேன்னு அவரும் சொல்லிட்டாரு. அன்னைக்கிலேருந்து இவரு சோத்தைப் பிசைஞ்சுட்டு அப்படியே வச்சிடுவாரு. பாக்கப் பாக்க எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

"நம்ம பழைய டிராக்டருக்கு முன்னாடி சாணி அள்ளித் தூக்குற பக்கெட் ஒண்ணு மாட்டுனா என்ன?"

"அந்தக் கிழட்டு வண்டிக்கா? சும்மா இரு லா."

நான் எந்தக் காலத்துல சும்மா இருந்திருக்கேன். பழைய இரும்புக் கடையில தேடி, தூக்குற கையும் பக்கெட்டும் பிடிச்சிட்டேன். எங்க கிடங்கு வண்டிங்களைப் பழுது பாக்குற ஃபோர்மன் தம்பியையும் கையோட கூட்டியாந்தேன். கெட்டிக்கார ஆளு. டிராக்டரோட எண்ணெய்ப் பம்புலேருந்து புது ஹோஸ் குழாய் இழுத்து, சீட்டுப் பக்கத்துல ரெண்டு லிவர் வச்ச வால்வைப் பொருத்தினாரு. முன்னாடி வேலை இல்லாதப்ப எண்ணெய் பின்னாடி கலப்பை தூக்குற லிஃப்டுக்குப் போயிடணும், அதையும் மறக்காம செஞ்சாரு.

"பின்னாடி பாரம் கட்டணும் தம்பி"ன்னேன்.

"இது அந்தக் காலத்து இரும்பு அக்கா, அசையாது லா"ன்னு சிரிச்சாரு.

சனிக்கிழமை தம்பியே ஏறி ஈரச் சாணியை நிறைய அள்ளித் தூக்கினாரு. பக்கெட் மேல போகப் போக, பின்சக்கரம் ஒண்ணு மெதுவா தரையை விட்டு எழும்புச்சு. தம்பி முகம் வெளுத்துப்போச்சு. எங்க வீட்டுக்காரரு முதுகு வலியை மறந்து ஓடி வந்தாரு. நான் கத்தல. "பிரேக் போடாதீங்க. திருப்பாதீங்க. லிவரை மெல்ல விட்டு இறக்குங்க"ன்னேன். இறக்கினாரு. சக்கரம் தரையில உக்காந்துச்சு.

யானைக்கும் அடி சறுக்கும், அதனால நான் தம்பியைக் குத்திக் காட்டல. பழைய எண்ணெய் டிரம்முல கல்லும் மண்ணும் நிரப்பச் சொன்னேன். அதைப் பின்னாடி லிஃப்டுல கட்டித் தொங்கவிட்டோம். அப்புறம் நானே ஏறி, அதே சாணியைத் தூக்கிக் குழியில கொட்டினேன். டிராக்டர் கொஞ்சம்கூடக் குலுங்கல. பெருமையா இருந்துச்சுன்னு சொல்றதுல எனக்கு என்ன வெக்கம்?

ஞாயித்துக்கிழமை வியாபாரி வந்தப்ப இவரு டிராக்டர் மேல இருந்தாரு. எஞ்சினைக்கூட நிறுத்தல.

"மாடு விக்கிறதுக்கு இல்ல பாஸ். டீ குடிச்சிட்டுப் போங்க."

வியாபாரி பக்கெட்டைச் சுத்திச் சுத்திப் பாத்தாரு. "யாரு இந்த ஏற்பாடு?"

இவரு கையை நீட்டி என்னைக் காட்டுனாரு.

அன்னைக்கு மத்தியானம் மூணு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு.