கணக்கில் வராத ஏழு எலிகள்

ரிஜிஸ்டரில் ‘அனஸ்தீசியா’ என்று எழுதிவிட்டால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். திருப்பதியில் ஒரு மருத்துவக் கல்லூரியின் அனிமல் ஹவுஸில் டெக்னீஷியனாகச் சேர்ந்த முதல் நாளே சீனியர் சொல்லிக்கொடுத்தது இது. ஆபரேஷன் செய்த எலி செத்தால், மயக்க மருந்தில் போனது என்று அந்த ஒரு வார்த்தை. உடல் எரிக்க இன்சினரேட்டருக்கு. செத்தது கணக்கில் வராது; அதற்குப் பதில் அடுத்த லிஸ்டில் ஒரு புது எலி. இருபது வருஷம் அப்படியே ஓட்டினேன். நல்ல வேலைக்காரன் என்று பெயரும் வாங்கினேன்.

சித்தூரிலிருந்து வந்த சர்ஜரி பி.ஜி. மேடம் ஒருவர் பெருங்குடலில் தீசிஸ் எடுத்தார். பாதி எலிகளுக்கு முதல் நாள் குடலைக் கட்டி அடைப்பு உண்டாக்குவார். மறுநாள் அந்த இடத்தை வெட்டியெடுத்து, இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைப்பார். மீதி எலிகளுக்கு அடைப்பில்லாமல் அதே தையல். ஒரு வாரம் கழித்துக் குடலை எடுத்து, காற்றடித்து, தையல் எவ்வளவு பிரஷர் தாங்குகிறது என்று பார்ப்பார்.

கடைசி பேட்ச் முடிந்த அன்று மேடம் சந்தோஷமாக இருந்தார். அடைப்பு வைத்த எலிக்கும் வைக்காத எலிக்கும் தையல் ஒரே மாதிரி தாங்குகிறதாம்.

“அடைப்போட வர்ற பேஷண்டுக்கும் அன்னைக்கே குடலைச் சேத்துத் தைக்கலாம்னு எழுதப் போறேன் அண்ணா. மலம் போக வயித்துல பை மாட்டிக்கினு திரிய வேணாம் பாருங்க.”

நான் ரிஜிஸ்டரைப் புரட்டினேன். நடுவில் செத்த எலிகள் ஏழு. ஏழும் அடைப்பு வைத்தவை. மயக்க மருந்தில் போவதென்றால் அன்றே போயிருக்கும். இவை மூன்றாம் நாள், நான்காம் நாள் வயிறு உப்பிச் செத்தவை. மேடத்திடம் சொன்னேன்.

“தொறந்து பாத்தீங்களா?”

“இல்ல மேடம். எரிச்சிட்டேன்.”

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பரீட்சை கிட்ட வந்துவிட்டது, இருப்பதை வைத்து முடி என்று கைடு சொல்லிப் பார்த்தாராம். மேடம் கேட்கவில்லை. அந்த வருஷப் பரீட்சையை விட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். கூடப் படித்தவர்கள் பாஸாகி வேலைக்குப் போய்விட்டார்கள்.

இந்த முறை செத்த ஒவ்வொன்றையும் திறந்தோம். அடைப்புக்கு மேலே வீங்கியிருந்த குடல் நனைந்த காகிதம் போல இருந்தது. நூல் அதை அறுத்துக்கொண்டு வந்திருந்தது. வயிறு முழுக்கச் சீழும் மலமும். மேடம் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

புதிதாக வருபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பிழைத்ததை மட்டும் எண்ணினால் எல்லாத் தையலும் பிடித்ததாகத்தான் தெரியும். அப்படி எண்ணிக்கொடுத்து எத்தனை தீசிஸ் என் கையால் வெளியே போனதோ, அதை நம்பி யார் வயிற்றைத் தைத்தார்களோ, எனக்குத் தெரியாது.