வெனிஸ் காசும் புதுப்புளியும்

ஜமுனாமரத்தூரில் கரண்ட் போனால் ஊரே தேடுகிற லைன்மேன் வேடியப்பன், லீவு நாளில் மட்டும் யார் கூப்பிட்டாலும் காதில் வாங்க மாட்டார். அன்றைக்கு அவருக்குப் பழங்காசு சேர்க்கிற வேலை. மனுஷனுக்கு அப்படி ஒரு பைத்தியம்! அவரிடம் இருந்ததிலேயே உசத்தி, இத்தாலி நாட்டு வெனிஸ் நகரத்து வெள்ளிக்காசு. எழுநூறு வருஷப் பழசு. ஒரு பக்கம் இயேசுநாதர் அமர்ந்திருப்பார். மறுபக்கம் ஊரை ஆண்ட தலைவரும் ஒரு புனிதரும் ஒரே கொடிக்கம்பைப் பிடித்தபடி நிற்பார்கள். காசு கருகருவென்றிருக்கும். காசு சேர்ப்பவர்களுக்கு அந்தக் கறுப்புதான் உயிர். அது போனால் மதிப்பும் போச்சு.

வேலூர் நாணயக் கண்காட்சியில் இந்த வருஷம்தான் அவருக்கு ஒரு மேசை கிடைத்தது. கண்காட்சி நடத்துகிற நாணயச் சங்கத்துப் பெரிய ஆட்கள் தன்னையும் ஒரு ஆளாக மதிக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை.

கிளம்புகிற காலையில் மனைவி ஷோபனா காசை நீட்டினாள். அது பளபளவென்று மின்னியது.

"நாலு பேரு பாக்கறது, அழுக்கோட எடுத்துனு போனா இன்னா நெனப்பாங்க? வெளக்கு தேய்ச்ச கையோட இதையும் புதுப்புளி, சாம்பல் போட்டு தேய்ச்சிட்டேன்."

வேடியப்பன் காசை வெடுக்கென்று வாங்கித் திருப்பிப் பார்த்தார். கத்தத்தான் வாயைத் திறந்தார். ஆனால் கல்யாணமான பதினெட்டு வருஷத்தில் அவருடைய காசுக்காக அவள் பட்டுப்புடவை கட்டிப் புறப்பட்டது அன்றுதான். வந்த வார்த்தையை மென்று விழுங்கினார்.

"நல்லாக்குது, வா."

கண்காட்சியில் சங்கத் தலைவர் கண்ணாயிரம் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டுக் கொதித்துப்போனார்.

"அடப்பாவமே! எந்த முட்டாள்யா இதைத் தேய்ச்சது? இனிமே இதை எவன் சீந்துவான்?"

பக்கத்தில் நின்ற ஷோபனாவின் முகம் சுண்டிப்போயிற்று.

"நாந்தாங்க," என்றார் வேடியப்பன். "தெரியாம தேய்ச்சிட்டேன்."

கண்ணாயிரம் தலையில் அடித்துக்கொண்டு நகர்ந்தார். அதற்குப் பிறகு சங்கத்து ஆள் ஒருவரும் அந்த மேசைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. மத்தியானம் இரண்டு பேரும் வெளியே போய் பிரியாணி சாப்பிட்டார்கள். அவர் நன்றாகவே சாப்பிட்டார். அவளுக்குத்தான் இறங்கவில்லை.

திரும்புகிற பஸ் மலை ஏறும்போது ஷோபனா சொன்னாள்.

"காலைலயே சொல்லியிருந்தா நான் வந்தே இருக்க மாட்டேனே."

"அதான் சொல்லல," என்றார் வேடியப்பன்.