உங்கள் அம்மாவிடம் ஓடிபி வாங்கிய கதை

பிள்ளைகளே, சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்த மாதிரி போனைப் பற்றியும் ஒன்று சொல்லிவைக்கலாம் என்று எழுதுகிறேன். நான் படித்தது ஐ.டி.ஐ. வரைக்கும்தான். தப்பு இருந்தால் பெரியவள் திருத்தட்டும்.

ஒருநாள் கம்பெனி பஸ்ஸில் போகும்போது, முடி கொட்டுவதற்கு என்ன எண்ணெய் நல்லது என்று போனில் தேடினேன். ஒரே ஒரு தடவைதான். அதற்கப்புறம் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்தாலும் வழுக்கை விளம்பரம், பஸ் நேரம் பார்த்தாலும் வழுக்கை விளம்பரம். சின்னவன் என் போனில் ஒளிச்சேர்க்கைப் பாடம் படித்தபோது இலைப் படத்துக்குக் கீழே ஒரு மொட்டைத் தலை வந்து நின்றது. "அப்பா, இது உங்களுக்கு வந்திருக்கு" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பிரௌசர் செட்டிங்கில் புகுந்து, பின்தொடர்பவர்களைத் தடு, மூடும்போது எல்லாவற்றையும் அழி என்று கண்ணில் பட்ட எல்லா இடத்திலும் டிக் போட்டேன்.

இங்கேதான் விஷயம். வெப்சைட்டுகள் நம் போனில் குக்கீ என்று ஒரு சீட்டை வைத்துவிட்டுப் போகும். சில சீட்டு எங்கள் கம்பெனி கேட் பாஸ் மாதிரி. காட்டினால் செக்யூரிட்டி, "போங்கண்ணா" என்று விட்டுவிடுவார். வேறு சில, உதிரிப் பாகத்தில் ஒட்டும் பார்கோடு ஸ்டிக்கர் மாதிரி. எந்த லைனுக்குப் போனாலும் ஸ்கேன் பண்ணி, 'இது அந்த முடி கொட்டுகிற ஆள்' என்று கண்டுபிடித்துவிடுவார்கள். ஸ்டிக்கரைக் கிழிக்கிறேன் என்று நான் பாஸையும் சேர்த்துக் கிழித்திருந்தேன். அது அப்போது எனக்குத் தெரியாது.

பெரியவளே, அந்தச் சனிக்கிழமை மத்தியானம் உனக்கு கோ-கோ மேட்ச். எனக்கோ இரண்டாம் ஷிப்ட். கம்பெனி வெப்சைட்டில் ஷிப்ட் மாற்றிக் கேட்கலாம். மேட்சுக்கு இரண்டு நாள் முன்பு சாயங்காலத்தோடு அதற்குக் கெடு முடிகிறது. கேட்டுக்குள் போனால் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். 'எப்பவும் லாகினில்தானே இருக்கும், பஸ்ஸில் போகும்போது போட்டுக்கொள்ளலாம்' என்று மெத்தனமாக இருந்துவிட்டேன்.

கெடு முடியும் நாளன்று கம்பெனி பஸ் சானமாவுக் காட்டைத் தாண்டும் முன்பே நின்றுவிட்டது. யானை ரோட்டைக் கடக்கிறதாம், வனத்துறைக்காரர்கள் மறித்திருந்தார்கள். நல்லதாகப் போயிற்று என்று போனைத் திறந்தேன். பாஸ்வேர்டு கேட்டது. எனக்கு ஞாபகமில்லை. படத்தில் பஸ் எங்கெல்லாம் இருக்கிறது என்று காட்டச் சொன்னது. பஸ்ஸுக்குள் உட்கார்ந்துகொண்டே பஸ்ஸைத் தேடினேன். கடைசியில் ஓடிபி அனுப்பினேன் என்றது. நான் போனைத் தொலைக்கிற ஆள் என்பதால் எல்லாக் கணக்கும் உங்கள் அம்மா நம்பரில்தான் இருக்கிறது. கூப்பிட்டேன். டவர் விட்டு விட்டு வந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லு."

"சொல்ல மாட்டேன்."

"ஏய், நான்தான்!"

"நீங்கதானே சொன்னீங்க? இப்பல்லாம் புருஷன் குரல்லயே பேசி ஏமாத்துறாங்க, நானே கேட்டாலும் சொல்லாதேன்னு."

சொன்னது நான்தான். பஸ்ஸே காது கொடுத்துக் கேட்டது. முன்சீட்டில் இருந்த பாகலூர்க்காரர் திரும்பி, "ஏன் குரு, மனேலே லாகின் ஆக்தா இல்வா?" என்றார். வீட்டிலேயே லாகின் ஆகவில்லையா என்று கன்னடத்தில் கேட்கிறார். பஸ் முழுக்கச் சிரிப்பு.

"நீங்கதான்னா ஒண்ணு சொல்லுங்க. காலைல உங்கள எதுக்குத் திட்டினேன்?"

"ஈரத் துண்டைக் கட்டில்ல போட்டதுக்கா?"

"அது நேத்து."

"கேஸ் புக் பண்ண மறந்ததுக்கா?"

"என்னது, இன்னும் பண்ணலையா?"

"மாவு அரைக்கக் கொடுக்காததுக்கு? உங்க அண்ணன் போனை எடுக்காததுக்கு?"

"அண்ணன் எப்பக் கூப்பிட்டாரு?"

பின்சீட்டிலிருந்து ஒரு தம்பி, "அண்ணா, போதும்ணா, நீங்களே புதுசு புதுசா மாட்டிக்கிறீங்க" என்று கத்தினான். ஓடிபி காலாவதியாகிவிட்டது. மறுபடி அனுப்பச் சொன்னேன்.

உங்கள் அம்மா புதிதாக வந்த மெசேஜைப் பார்த்தாள். அப்புறம், "இவ்வளவு தப்பை எந்தத் திருடனும் மனப்பாடம் பண்ணிட்டு வர மாட்டான். நீங்கதான். எழுதிக்கோங்க" என்று எண்களைச் சொன்னாள். பஸ்ஸில் கைதட்டினார்கள். யானை போய்விட்டது, வண்டி நகர்ந்தது. கம்பெனி கேட் வருவதற்குள் ஷிப்ட் மாற்றிக் கேட்டு முடித்தேன். ஷிப்ட் முடிந்து லாக்கரைத் திறந்தபோது சூப்பர்வைசர் சம்மதம் வந்திருந்தது.

மறுநாள் செட்டிங்கைச் சரிசெய்தேன். பின்தொடர்பவர்களைத் தடுப்பது அப்படியே இருக்கிறது. மூடும்போது எல்லாவற்றையும் அழிக்கும் டிக்கை மட்டும் எடுத்துவிட்டேன். நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பிறத்தியார் போனிலோ கம்ப்யூட்டர் சென்டரிலோ வேலை முடிந்ததும் லாக்அவுட் பண்ணிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை ஷிப்ட் முடித்து, யூனிபாரத்தோடே மைதானத்துக்கு ஓடிவந்தேன். பெரியவளே, துரத்துகிறவளுக்கு வளைந்து வளைந்து போக்குக் காட்டிக்கொண்டிருந்தாய். கோட்டுக்கு வெளியே என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாகி ஒரு நொடி நின்று கையசைத்தாய். அந்த ஒரு நொடியில் அவள் உன்னைத் தொட்டுவிட்டாள்.

வெளியே வந்து, இடுப்பில் கைவைத்துக்கொண்டு சொன்னாய்: "அப்பா, நீங்க ரெண்டாம் ஷிப்டுக்கே போயிருக்கலாம்."