சீட்டுக் குலுக்கி போனஸ் கொடுத்த வருஷம்

எங்கள் லைனின் தலைமாட்டில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டியிருந்தார்கள். அதில் நீல மையில் ஒரே ஒரு எண் இருக்கும். அன்றைக்கு ஆளுக்கு எத்தனை வயர் கட்டு முடிக்க வேண்டும் என்பதுதான் அந்த எண். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் அந்தக் கம்பெனியில் நான் சேர்ந்த அன்று அது அறுபதாக இருந்தது. மோட்டார் சைக்கிளின் உடம்புக்குள் ஓடும் வயர்களை ஒன்றாகச் சேர்த்து, கறுப்பு டேப் சுற்றி, முனைகளில் கிளிப் மாட்டி அனுப்புவது எங்கள் வேலை. நாற்பது பெண்கள் நின்றுகொண்டே செய்வோம். காலையில் உள்ளே நுழைந்ததும் வாசலில் இருக்கும் சாமி படத்தைப் பார்க்கிறோமோ இல்லையோ, அந்தப் பலகையைப் பார்த்துவிடுவோம். எண் ஏறியிருந்தால் அன்று முழுக்க யாருக்கும் யாரையும் பிடிக்காது. இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. எனக்கு இருபத்தைந்து வயது. கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டுப் பொன்னேரியிலிருந்து ரயிலில் வந்து போய்க்கொண்டிருந்தேன். வாய் கொஞ்சம் நீளம் என்று எல்லோரும் சொல்வார்கள், அது பொய்யில்லை.

எனக்கு எதிர் மேசையில் நின்றவள்தான் ஆரம்பாக்கத்து அக்கா. ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர் என்பதால் அவள் பேச்சில் தெலுங்கு வாடை அடிக்கும். பணத்தை டப்பு என்பாள். என்னைவிட ஆறேழு வயது மூத்தவள். நாங்களெல்லாம் டேப்பைப் பல்லால் கடித்து அறுப்போம். அவள் ஷிப்டு மணி அடிக்கும் முன்பே வந்து, தேவையான நீளத்துக்கு டேப்பை வெட்டி, மேசை விளிம்பு முழுக்க வடகம் காயப்போட்ட மாதிரி வரிசையாக ஒட்டி வைத்துவிடுவாள். அதன் பிறகு கை நிற்காது. அவசரப்படுகிறாள் என்று யாரும் சொல்ல முடியாது. பக்கத்தில் இருப்பவளோடு பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே செய்வாள். ஆனால் சாயங்காலம் எண்ணிப் பார்த்தால் எங்களைவிட இருபது கட்டு கூடுதலாக இருக்கும், சரியில்லை என்று ஒன்றுகூடத் திரும்பி வராது.

தீபாவளி போனஸ் எல்லோருக்கும் உண்டு. அது தவிர ஆயுத பூஜை அன்று எங்கள் லைனில் ஒருத்திக்கு மட்டும் ஒரு மாதச் சம்பளத்தைத் தனியாக ஒரு கவரில் போட்டுக் கொடுப்பார்கள். 'சிறந்த தொழிலாளி' என்று பேர். மேனேஜர் மைக்கில் பேரைக் கூப்பிடுவார், நாங்கள் கை தட்டுவோம். நான் சேர்ந்த வருஷம் அக்காவைக் கூப்பிட்டார்கள். நானும் வலிக்க வலிக்கக் கை தட்டினேன். பூஜை விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வந்து பார்த்தால் பலகையில் அறுபத்தெட்டு. "ஒருத்தியால முடியுதுன்னா எல்லாராலயும் முடியும்" என்றார் மேனேஜர். அடுத்த வருஷமும் அக்காதான். பலகையில் எழுபத்தாறு. மூன்றாம் வருஷமும் அக்காதான். எண்பத்தைந்து. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அந்தக் கதைதான். கவர் ஒருத்திக்கு, மணிக்கட்டு வலி நாற்பது பேருக்கு. ராத்திரி குழந்தையைத் தூக்கினால் என் கை நடுங்கும். அப்போதெல்லாம் நான் மேனேஜரைத் திட்டியதில்லை, அக்காவைத்தான் திட்டினேன்.

வெளியே சொன்ன காரணம் இதுதான். உள்ளே இன்னொன்றும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். லைனில் வேகத்தில் இரண்டாவது ஆள் நான். அவள் மட்டும் இல்லாவிட்டால் மைக்கில் என் பேர்தான் கேட்டிருக்கும். ஒரே ஒரு தடவை என் பேரைக் கூப்பிட வேண்டும், அந்தக் கவரோடு வீட்டுக்குப் போய் மாமியார் முன்னால் நிற்க வேண்டும் என்று எனக்கு அப்படியொரு ஆசை. அதைச் சொன்னால் பொறாமைக்காரி என்பார்கள். அதனால் மணிக்கட்டு வலியையே முன்னால் நிறுத்திப் பேசினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். வலி எல்லோருக்கும் இருந்ததே.

கேன்டீனுக்கு வெளியே வேப்பமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவோம். டிபன்பாக்ஸ் மூடியில் ஒருத்தி குழம்பு ஊற்றித் தள்ளினால் அது வட்டம் முழுக்கச் சுற்றி வரும். மூன்றாம் வருஷம் அவள் கவர் வாங்கின மறுவாரம், அக்கா வழக்கம்போலத் தன் டப்பாவோடு வந்தாள். அவள் உட்காரும் இடம் எனக்குப் பக்கத்தில். நான் காலை நீட்டி அந்த இடத்தை அடைத்துக்கொண்டு, "இங்க ஆள் வருது" என்றேன். யாரும் வரவில்லை, வரப்போவதுமில்லை. அது அவளுக்கும் தெரியும். ஒரு நொடி நின்றாள். யாராவது நகர்ந்து இடம் கொடுப்பார்களா என்று பார்த்திருப்பாள் போல. எல்லோரும் தங்கள் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் போய் கை கழுவும் குழாய்க்குப் பக்கத்துப் படியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். அன்றிலிருந்து ஒரு வருஷம் அங்கேதான் சாப்பிட்டாள். மேலே மேனேஜர், கீழே நாங்கள், மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. இதை எழுதும்போதுகூட எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நான்காம் வருஷம் ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் முன்பு, அரை நாள் லீவு கேட்பதற்காக ஆபீஸ் அறை வாசலில் நின்றிருந்தேன். உள்ளே அக்கா பேசிக்கொண்டிருந்தாள்.

"இந்த வருசம் என் பேரைக் கூப்புடாதீங்க சார். கூப்புட்டா நான் எழுந்து வர மாட்டேன்."

"ஏம்மா, பணம் கசக்குதா?"

"டப்பு யாருக்கு சார் கசக்கும்? துன்ற சோறுதான் கசக்குது. நாப்பது பேரு பேரையும் எழுதிப் போட்டுக் குலுக்குங்க. யாருக்கு வருதோ வரட்டும்."

"அப்படிக் குடுத்தா அப்புறம் எவ வேலை செய்வா?"

"வேலைக்குத்தான் மாசா மாசம் சம்பளம் குடுக்குறீங்களே சார். இது பூஜைக்குக் குடுக்குறது."

மேனேஜர் கெட்டவர் இல்லை. இந்த ஒரு வருஷம் விளையாட்டாகச் செய்து பார்க்கலாம் என்றார். இத்தனை வேகமான கையைக் கோபித்துக்கொள்ள வைக்க அவருக்கு மனசில்லை. இதையெல்லாம் கேட்ட எனக்கு மனம் இளகியிருக்க வேண்டும் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. நல்லவள் வேஷம் போடுகிறாள் என்றுதான் தோன்றியது. மத்தியானமே வட்டத்தில் போட்டு உடைத்தேன். உடனே இரண்டு கட்சி ஆகிவிட்டது. "போன மாசம் வந்தவளுக்கும் சீட்டா? பாத்ரூம்லயே குடியிருக்கிறவளுக்கும் சீட்டா?" என்று கேட்டவர்களுக்கு நான் தலைவி. வேலை செய்கிறவளுக்கும் செய்யாதவளுக்கும் ஒரே சீட்டு என்றால் அது என்ன நியாயம்? எதிர்க் கட்சி சிரித்தது. "நமக்கு எந்த ஜென்மத்துலடி மைக்குல பேரு வரப்போவுது? சீட்டுன்னா வந்தாலும் வரும்" என்றார்கள். எனக்குத்தான் உள்ளே எரிந்தது. நாலு வருஷமாக வரிசையில் இரண்டாவது ஆளாக நின்றுகொண்டிருக்கிறேன். இப்போது வரிசையே இல்லை என்கிறார்களே!

பூஜை அன்று மேசைகளுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்து, ஆளுக்கு ஒரு பொட்டலம் பொரியும் சுண்டலும் கொடுத்தார்கள். எல்லோரும் தங்கள் பேரைத் தாங்களே எழுதி மடித்து ஒரு பெரிய பிஸ்கட் டின்னில் போட்டோம். மேனேஜர் டின்னைக் குலுக்கிவிட்டு, "யார் எடுக்கிறீங்க?" என்று கேட்டார். ஆளாளுக்கு ஒருத்தியைத் தள்ளிவிட்டார்கள். அப்போது பின்வரிசையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "அவ எடுக்கட்டும் சார்." என்னைக் காட்டினாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் ஆகாது என்று அந்தக் கூடத்துக்கே தெரியும். அவள் என்னை ஏன் சொன்னாள் என்று எனக்குப் புரியவில்லை. மறுத்தால் மரியாதையாக இருக்காது என்று போய்க் கையை விட்டு ஒரு சீட்டை எடுத்தேன்.

பிரித்தால், அக்காவின் பேர். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது போல ஆகிவிட்டது. என் கையில் இருப்பது வேறு யாருக்கும் தெரியாது. எழுத்து சரியாகப் புரியவில்லை என்று மறுபடி மடித்துப் போட்டுவிட்டு வேறொன்றை எடுக்கலாம். ஏன், என் பேரையே படிக்கலாம். யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. அக்கா தலையைக் குனிந்து பொரியில் கடலை பொறுக்கிக்கொண்டிருந்தாள். கடைசியில் பேரைப் படித்தேன். பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். அப்போதுதான் கற்பூரம் காட்டியிருந்தார்கள். அந்த வாசனை போவதற்குள் பொய் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

யாரும் கை தட்டவில்லை. பிறகு பின்னாலிருந்து ஒருத்தி, "அய்ய, சீட்டுகூட அக்கா பின்னாலயே போவுதுடி!" என்றாள். யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பரவிக் கூடம் முழுக்கச் சிரிப்பு. ஒரு வருஷமாக அவளோடு பேசாதவர்கள் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டார்கள். "இன்னாக்கா, ஸ்வீட் இல்லாம வுட மாட்டோம்" என்று ஒருத்தி புடவையைப் பிடித்து இழுத்தாள். அதே அக்கா, அதே கவர், அதே ஒரு மாதச் சம்பளம். மூன்று வருஷம் உழைத்து வாங்கியபோது கிடைக்காத கொண்டாட்டம், சும்மா வந்தபோது கிடைத்தது. அக்கா முதலில் திருதிருவென்று விழித்தாள், பிறகு அழுதாள், பிறகு அவளும் சிரித்தாள்.

திங்கட்கிழமை பலகையைப் பார்த்தோம். எண்பத்தைந்து, எண்பத்தைந்தாகவே இருந்தது. சீட்டில் வந்த பேரைக் காட்டி, அவளால் முடிகிறதே உங்களால் ஏன் முடியாது என்று யாரால் கேட்க முடியும்? மத்தியானம் அக்கா மைசூர்பாகு டப்பாவோடு வேப்பமரத்தடிக்கு வந்தாள். நான் காலை மடக்கிக்கொண்டேன். அவள் வந்து உட்கார்ந்தாள். என் டிபன்பாக்ஸ் மூடியில் புளிக்குழம்பை ஊற்றி அவள் பக்கம் தள்ளினேன். "உப்பு கம்மிடி" என்றாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அதன் பிறகு நான் அங்கே இருந்த வருஷமெல்லாம் குலுக்கல்தான். ஒரு தடவை பாத்ரூமில் குடியிருந்தவளுக்கே விழுந்தது. நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம், அவளும் வெட்கப்பட்டு ஒரு வாரம் ஒழுங்காக வேலை செய்தாள். என் பேர் ஒரு வருஷம்கூட வரவில்லை. ஆச்சரியம் என்னவென்றால் எனக்கு வருத்தமும் வரவில்லை. மைக்கில் என் பேர் வராதபோது நான் குறைந்தவள் என்று தோன்றும். டின்னில் என் பேர் வராதபோது, அட, இந்த வருஷமும் போச்சா என்று மட்டும்தான் தோன்றும். அதற்காகக் குலுக்கல்தான் நியாயம் என்று அடித்துச் சொல்ல எனக்கு வாய் வராது. அப்படி ஒரு கைக்கு, அப்படி ஒரு வேலைக்கு, மேடையில் நிறுத்தி ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். அவள் நன்றாக வேலை செய்ததை எங்களால் மன்னிக்க முடியவில்லை, அவளுக்கு அதிர்ஷ்டம் அடித்ததை மட்டும் உடனே மன்னித்துவிட்டோம். அந்தத் தப்பு அக்காவுடையதல்ல, சீட்டுடையதும் அல்ல. இப்போது நான் வேறொரு கம்பெனியில் லைன் பார்க்கிறேன். வருஷா வருஷம் என்னிடம் ஒரே ஒரு பேர் கேட்கிறார்கள். நல்லாச் செய்கிறவளை நான் தனியாகக் கூப்பிட்டு நல்லாச் செய்கிறாய் என்று சொல்லிவிட்டு, ஆபீசுக்குப் போய், எல்லார் பேரையும் எழுதிக் குலுக்குங்கள் சார் என்கிறேன். சிலர் கேட்கிறார்கள், சிலர் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

போன ஆடியில் பெரியபாளையத்தம்மன் கோயிலுக்குப் போயிருந்தபோது கூட்டத்தில் அக்காவைப் பார்த்தேன். தலை நரைத்து, உடம்பு பெருத்திருந்தாள். கடையோரம் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தோம். இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. "அன்னிக்குச் சீட்டைப் பிரிச்சதும், உன் பேரை மறைச்சிடலாம்னு ஒரு நிமிஷம் நெனச்சேன்கா" என்றேன். அக்கா என்னைப் பார்த்தாள். கோபித்துக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் டீ தளும்பச் சிரித்தாள்.

"அதுக்குத்தானேடி உன்னை எடுக்கச் சொன்னேன்! என் பேரு கையில மாட்டுனா இவ செத்தாலும் படிக்க மாட்டான்னு நம்பிக்கினு இருந்தேன். நாப்பது பேருல நான் நம்புனது உன்னை ஒருத்தியத்தான். நீயே கவுத்துட்டியேடி!"