பூட்டிய வீட்டில் கத்திய ரேடியோ

கொள்ளிடத்தில் வெள்ளம். போன் எட்டாத இடத்திலிருந்தும் வயர்லெஸில் பேச உதவும் என் ஹாம் ரேடியோவைக் கம்ப்யூட்டரே இயக்கி, அலைவரிசை தேடி, ஆட்களை அழைத்து இணைக்கும். அந்தப் பெருமையில் அதை ஓடவிட்டு, ஸ்ரீரங்கம் வீட்டைப் பூட்டிக் கிளம்பினேன்.

காவிரிப் பாலத்தில் பஸ் நகராமல் நின்றபோது, கே.கே. நகர் ஹாம் நண்பர் போனில் பதறினார்: "சார், உங்க ரேடியோ விடாம கத்துது. அந்த அலைவரிசையில வேற யாரும் பேச முடியலீங்க!"

சாஃப்ட்வேர் சிக்கிக்கொண்டிருக்க வேண்டும். சாவி என் பையில். பக்கத்து வீட்டுக்காரரைப் போனில் கூப்பிட்டு, வாசலில் இருக்கும் மெயினை அணைக்கச் சொன்னேன். ரேடியோ அடங்கவில்லை. கரண்ட் போனாலும் ஓடட்டும் என்று பேட்டரி வைத்த மேதாவி நான்தான்.

"பூட்டை உடைங்க சார், பேட்டரி வயரைப் பிடுங்குங்க!" என்று அவரிடம் கத்தினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

அவர் பிடுங்கியதும் ஹாம் நண்பரை மறுபடி கூப்பிட்டேன்; அவர் ரேடியோவில் ஒரு குரல் போன் வழியே கேட்டது: "யாராவது கேக்குறீங்களா? படகு அனுப்புங்க..."

படகு போனது. அதற்குமுன் படகு கேட்டவர் எத்தனை முறை கூப்பிட்டார் என்று கேட்க எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.