பரங்கிக்கொடிக்குக் கொசுவலை

இன்று காலை குடும்பக் குரூப்பில் ஒரு ஃபார்வர்ட்.

பனித்துளி சொட்டும் ரோஜாப் படம். கீழே, "மூடி வைத்த பூவை வண்டு அண்டாது. பெண்ணைப் பெற்றவர்கள் சிந்திக்கவும்." அனுப்பியவன் என் சித்தப்பா பேரன். (அவனுக்கு ரோஜாவுக்கும் செம்பருத்திக்கும் வித்தியாசம் தெரியாது.)

காபி ஆறினால் ஆறட்டும் என்று உட்கார்ந்து டைப் அடிக்கிறேன். ஏனென்றால் மூடி வைத்த பூவை நான் நிஜமாகவே பார்த்தவள்.

அறுபதுகளில் எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் பக்கம். நான் டவுனில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு பெண்கள் காலேஜில் பி.எஸ்ஸி. பாட்டனி, இரண்டாம் வருஷம். மார்கழிக் கோலத்துக்குப் பூ வேண்டுமென்று அம்மா கொல்லையில் பரங்கிக்கொடி போட்டிருந்தாள். (சென்னைக்காரர்களுக்கு: மஞ்சள் பூசணி.)

விடிந்தும் விடியாமலும் பூ விரியும். அந்த வாசனைக்குத் தேனீ வரும். அதே வாசனைக்குச் சிவப்பு வண்டும் வரும். தேனீ உடம்பெல்லாம் மகரந்தத்தைப் பூசிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகும். வண்டு உட்கார்ந்த இடத்திலேயே இதழையும் இலையையும் தின்னும். காலேஜில் சிஸ்டர் தேனீயைப் பற்றி மட்டும்தான் பாடம் எடுத்தார். வண்டு பாடத்தில் இல்லை, எங்கள் கொல்லையில் இருந்தது.

அப்பா தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. நல்ல வெயிலிலும் குடையோடு கிளம்புகிற முன்ஜாக்கிரதைக்காரர். இலையெல்லாம் சல்லடையாகிப் போனதைப் பார்த்தார். தன் கட்டிலில் இருந்த கொசுவலையை அவிழ்த்து வந்து, நாலு குச்சி நட்டு, கொடியை மூடிவிட்டார்.

காவேரிக்கரையில் குடியிருந்துகொண்டு கொசுவலையைக் கொடிக்குக் கொடுத்த ஒரே மனிதர் என் அப்பாதான்.

அதே வாரம் இன்னொன்றும் நடந்தது. பஸ் ஸ்டாப்பிலிருந்து ஒருவன் தினமும் என் பின்னாலேயே எங்கள் தெருமுனை வரை வந்துகொண்டிருந்தான். யாரோ அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். அப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். கொல்லையைக் காட்டி நிதானமாகச் சொன்னார்.

"பூ இருந்தா வண்டு வரத்தான் செய்யும். நாமதாம்மா பாத்துக்கணும். பொங்கலோட காலேஜ் போதும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பின்னால் வந்தவன் அவன். வீட்டில் உட்கார வேண்டியவள் நானா?

ஆனால் அப்பா கொடியை வைத்துப் பேசினார். நானும் கொடியை வைத்தே பேசுவதென்று முடிவு செய்தேன். பாட்டனிக்காரியிடமா கொடியைக் காட்டுவது?

காத்திருந்தேன். நினைத்தபடியே வலைக்குள் இருந்த பிஞ்செல்லாம் மஞ்சளாகி உதிர்ந்தது. தேனீக்கள் வெளியே சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போயின. உதிர்ந்த பிஞ்சுகளை முறத்தில் அள்ளிக்கொண்டு போய் அப்பா முன்னால் வைத்தேன்.

"வண்டு வேணாம்னு மூடினீங்க. தேனீயும் வரலை. ரெண்டையும் கூப்பிடுறது ஒரே வாசனைதான்ப்பா. தொறந்து வச்சாத்தான் காய்."

அப்பா ஒரு பிஞ்சை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஜெயித்துவிட்டேன் என்று அன்றைக்கே பொங்கலுக்குப் பிறகு வேண்டிய புது நோட்டுகளுக்கு அட்டை போட்டேன்.

அப்பா லேசுப்பட்டவரா? என் பாட்டனி புத்தகத்தையே எடுத்துப் படித்திருக்கிறார். மறுநாள் விடிகாலையில் வலையைத் தூக்கி, ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துப் போட்டுவிட்டு, அதைப் பெண் பூவுக்குள் வைத்துத் தடவினார். சிஸ்டர் பார்த்திருந்தால் பிராக்டிகலில் முழு மார்க் போட்டிருப்பார்.

காய் பிடித்துவிட்டது. உதிரவில்லை. நாளுக்கு நாள் பெருத்தது.

பொங்கல் முடிந்து காலேஜ் திறக்கிற அன்று காலையில் அப்பா என்னைக் கொல்லைக்குக் கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியா ராஜி, தேனீ இல்லாமலே காய்ச்சிருக்கு. நல்லதா பாத்து நாமளே கொண்டாந்து வச்சாப் போதும்." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "குளித்தலையில ஒரு வரன் வந்திருக்கு."

என் பாடத்தை வைத்தே என்னை மடக்கிவிட்டார். பதில் தேடினேன். பாட்டனியில் பதில் இல்லை. அவர் செய்தது சரியான முறைதான், காய் எதிரிலேயே கிடக்கிறது. அப்போதுதான் உறைத்தது: இத்தனை நாளும் நான் பரங்கிக்கொடிக்கு வக்கீலாக நின்றிருக்கிறேன். எனக்காக இன்னும் வாயையே திறக்கவில்லை.

"அப்பா, பரங்கிப்பூ எந்திரிச்சு நடக்காது. யார் வந்தாலும் இருந்த எடத்துலயே இருக்கணும். எனக்குக் கால் இருக்கு. நான் பூ இல்லப்பா. பஸ்ஸுக்கு நேரமாச்சு, போயிட்டு வரேன்."

அப்பாவின் சிரிப்பு அப்படியே நின்றது. அவரிடம் அனுமதி வாங்காமல் நான் படி இறங்கியது அதுதான் முதல் தடவை. அம்மா அடுக்களையிலிருந்து வந்து சாப்பாட்டு டப்பாவை என் கையில் வைத்தாள். முன்கூட்டியே கட்டி வைத்திருந்திருக்கிறாள்!

பஸ் ஸ்டாப்பில் அவன் நின்றுகொண்டிருந்தான். இருந்த வேகத்தில் நேரே போய், எதற்காக என் பின்னால் வருகிறாய், உன் வீடு எங்கே, வா உங்கம்மாவிடமே கேட்போம் என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டேன். வந்த பஸ் எந்த ஊருக்குப் போகிறது என்றுகூடப் பார்க்காமல் ஏறிப் போய்விட்டான். அதற்குப் பிறகு அவனை நான் பார்க்கவில்லை.

அப்பா அப்புறமும் வலையை எடுக்கவில்லை. ஆனால் கொசு அவரைத் தூங்கவிடவில்லை. கடி தாங்காமல் வலையை மறுபடி கட்டிலுக்கே கொண்டுபோனார். கொடிக்கு வண்டும் வந்தது, தேனீயும் வந்தது. இலை பாதி போச்சு. காயோ அக்கம்பக்கமெல்லாம் கொடுத்தும் மிச்சம். நான் டிகிரி முடித்தேன். குளித்தலைக்காரர் வேறு இடத்தில் கல்யாணம் செய்துகொண்டு சௌக்கியமாக இருந்தார்.

(அப்பா வலைக்குள் வளர்த்த அந்தக் காயில் அம்மா கூட்டு வைத்தாள். ருசியாகத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது.)

இதையெல்லாம் குரூப்பில் போட்டால் அந்தச் சித்தப்பா பேரன் 'ரொம்ப நீளம் அத்தை' என்பான். அதனால் அங்கே ஒரு கேள்வி மட்டும் கேட்டேன்.

"பொண்ணைப் பெத்தவங்களுக்கு அனுப்பிட்டே. பையனைப் பெத்தவங்களுக்கு எங்கேப்பா ஃபார்வர்ட்?"

நீல டிக் விழுந்துவிட்டது. காபியைச் சூடு பண்ணிக் குடித்தாயிற்று. பதில் இன்னும் வரவில்லை.

அப்படி ஒரு ஃபார்வர்ட் உங்கள் குரூப்பில் யாருக்காவது வந்திருக்கிறதா?